கைக்கு எட்டிய மல்பெரி

கல்யாணமாகி நாங்கள் கோவையில் குடியேறிய வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. அதில் அவரை விதை போட்டேன். கொடி ஏறக் குச்சி வேண்டுமென்றதும், சத்தியமங்கலத்தில் பட்டுப்புழு வளர்க்கும் என் அண்ணன் மல்பெரிக் குச்சி ஒரு கட்டு பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். அவரையைப் பூச்சி தின்றுவிட்டது. குச்சிகளில் ஒன்று மட்டும் துளிர்த்துக்கொண்டது.

இரண்டே வருடத்தில் அது ஓட்டுக்கு மேலே போய்விட்டது. என் கணவருக்கு அதில் ஒரே பெருமை. மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு வந்ததும் முதலில் மரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார். பழமெல்லாம் உச்சியில். நானோ நாலே முக்கால் அடி. ஒன்றுகூட என் வாய்க்கு வந்ததில்லை. குயிலும் மைனாவும் தின்றுவிட்டுப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் ஊதா எச்சம் போட்டன.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்குக் கடைவீதியில் ஜவுளி வியாபாரம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, தொழுகைக்குப் போட வைத்திருந்த அவருடைய வெள்ளை ஜிப்பாவை அக்கா மதில்மேல் விரித்துக் காட்டினார்.

“இங்க பாருங்க அம்மணி. மூணு தடவ சோப்புப் போட்டுப்போட்டேன். போகவே மாட்டேங்குது.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று மாலை கணவரிடம் சொன்னேன். “காய்க்கிற மரத்துல ஆராச்சும் கை வெப்பாங்களா?” என்று முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர் வேலையாகப் பல்லடம் போய் இரண்டு நாள் தங்கினார். அண்ணன் தோட்டத்தில் வருடா வருடம் மல்பெரியை மொட்டையாக வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அக்காவிடம் ரம்பம் கேட்டேன். அவர் ரம்பத்தோடு தானும் வந்தார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அறுத்து, என் இடுப்பு உயரத்துக்கு நிறுத்தினோம். தழையெல்லாம் அக்கா வீட்டு ஆட்டுக்குப் போயிற்று.

திரும்பி வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“கொன்னுபோட்டியே புள்ள!”

“சாவாதுங்க. கொஞ்சம் பொறுங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். தினமும் அவர் எழுவதற்கு முன்னால் போய்த் தடவிப் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் பட்டையைக் கீறிக்கொண்டு பச்சை முளைகள் தெரிந்தன. சில நாளில் ஒவ்வொரு தளிரோடும் ரோமம் வைத்த குட்டிக் காய்கள். அவை சிவந்து கறுத்தபோது, எக்காமல் குதிக்காமல் நின்றபடியே பறித்து, முதல் பழத்தை நானே தின்றேன். இனிப்பு உச்சிக்கு ஏறியது.

அவரைக் கூப்பிட்டேன். நாலு பழம் வாயில் போட்டவர், “ஏம்புள்ள, அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் கீழ வெட்டிப் பாக்கலாமா?” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சின்ன மரம் என்பதால் பறவை வராமல் பழைய மெல்லிய புடவையைப் போர்த்திவிட முடிந்தது. பழம் பாத்திரம் பாத்திரமாக வந்தது. அக்காவும் நானும் சர்க்கரை போட்டு ஜாம் கிண்டினோம். மத்தியானம் முழுக்கக் கிண்டியும் இறுகவில்லை. கடைசியில் பானைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, இரண்டு வீட்டிலும் சர்பத் என்று சொல்லிக் கொடுத்தோம். எல்லோரும் இன்னொரு டம்ளர் கேட்டார்கள்.