ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு மடங்கு

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த என்னை ஒரு தொண்டு நிறுவனம் மாளிகாவத்தைக்குக் கூப்பிட்டது. அங்கே தொடர்மாடி ஒன்றின் பொது மண்டபக் கூரையில் சோலார் பெனல்கள் பூட்டியிருந்தார்கள். அவற்றை வைத்தே அங்குள்ள பெண்களுக்குக் கணிதமும் கணினியும் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். நல்ல விஷயம் என்று நம்பித்தான் போனேன். இன்று அதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

சனிக்கிழமைகளில் பதினொரு பெண்கள் வந்தார்கள். மண்டபத்தில் ஒரு நாள் லைட் எத்தனை மணித்தியாலம் எரிந்தது, ஃபேன் எவ்வளவு நேரம் ஓடியது, தண்ணீர் மோட்டர் எவ்வளவு நேரம் ஓடியது, பெனலிலிருந்து மொத்தம் எத்தனை யூனிட் போனது என்று அவர்களே குறித்தார்கள். ஒரு நாளுக்கு ஒரு நிரை. மூன்று நாள் நிரைகளைக் கணினியில் அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் எது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று தனித்தனியாக அகப்பட்டுவிடும். பாடப்புத்தகத்தில் இதற்குத் தாயம், அதாவது மேட்ரிக்ஸ், என்று பெயர். என் உயர்தரப் பிள்ளைகள் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். இந்தப் பெண்கள் அப்படியில்லை. அவர்களில் ஒருவர் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுத் தையல் வேலை செய்பவர். மோட்டர்தான் பெரிய தீனிக்காரன் என்று விடை வந்த அன்று, "அப்ப நாங்க தண்ணியா குடிக்கிற? கரண்டத்தானே குடிக்கிற!" என்று சிரித்தார்.

நோன்பு மாதத்தில் வகுப்பை நிறுத்தினோம். அந்த மாதக் குறிப்பைத் தாங்களே எடுப்பதாக நிறுவன அலுவலகத்தார் சொன்னார்கள். பெருநாள் முடிந்து வந்தபோது அட்டவணை தயாராக இருந்தது. அதிலிருந்து மூன்று நாட்களை எடுத்துச் செய்யச் சொன்னேன். தையல்காரப் பெண் இரண்டு தரம் செய்து பார்த்தார்.

"மிஸ், எல்லாம் சைபரா வருது. நான் பிழையா செஞ்சிட்டேனா?"

போய்ப் பார்த்தேன். அவர் செய்தது சரி.

"புதன்கிழமை அப்பிடியே ஞாயித்துக்கிழமைட ரெண்டு மடங்கு, மிஸ். வெள்ளிக்கிழமை மூணு மடங்கு. லைட்டும் ஃபேனும் மோட்டரும் யூனிட்டும் எல்லாமே. அப்பிடி ஒரு நாள் எங்கயாவது ஈக்கா?"

நிஜமாக அளந்த எண்கள் அப்படி வரமாட்டா. யாரோ ஒரு நாளை எழுதிவிட்டு மற்ற நாட்களைப் பெருக்கிப் போட்டிருந்தார்கள்.

பெனல்களையே பார்த்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் கூரைக்கு ஏறினோம். பெனல்களில் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தது. பெனல்களின் இணைப்புப் பெட்டியிலிருந்து வந்த வயர் கழன்று தொங்கியது. அதன் நுனி பச்சை பிடித்திருந்தது. பெட்டிக்குள் புறாக்கூடு. அந்த நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்தினேன்.

நிறுவனத்தின் இணைப்பாளர் யாழ்ப்பாணத்துப் பொடியன், என்னைவிட வயதில் இளையவர், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. அவரிடம் போனேன்.

"ஓம் மிஸ், வயர் கழண்டது எங்களுக்குத் தெரியும்தான். காசு குடுக்கிற ஆக்கள் அடுத்த கிழமை வரினம். ரிப்போர்ட்டில வெறும் கட்டம் இருந்தா வடிவில்லை. நீங்கள் ஏன் இதைப் பெருசாக்கிறீங்கள்?"

இலையில் விழுந்த பூச்சியைத் தட்டிவிடுவதுபோல் அவ்வளவு இலகுவாகச் சொன்னார்.

காசு கொடுக்கும் வெளிநாட்டார் வந்தார்கள். அலுவலகத்தார் பெனல்களைக் கழுவியிருந்தார்கள், வயரைக் கொழுவவில்லை. மண்டபத்து லைட்டுகள் வழக்கமான மின்சாரத்தில் எரிந்தன. பயனடைந்தவர் சார்பில் பேசத் தையல்காரப் பெண்ணை மேடைக்கு அழைத்தார்கள்.

"மேல பெனல் வேல செய்யல்ல," என்றார் அவர் நிதானமாக. "நோம்பு மாசத்துக் கணக்கு பொய். நாங்க படிச்ச கணக்க வச்சுத்தான் கண்டுபிடிச்ச. ஏன் அப்பிடி எழுதினீங்க எண்டு கேக்கணும்."

பக்கத்தில் நின்ற இணைப்பாளர் புன்னகை மாறாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னார்: தன் வாழ்க்கை மாறிவிட்டதாம், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றியாம். விருந்தினர் எழுந்து கைதட்டினார்கள். முன் வரிசையில் இருந்த நானும் தட்டினேன். இரண்டு மொழியும் விளங்கியவள், வாயைத் திறக்கவில்லை. கை தன்பாட்டில் தட்டியது என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய்.

சாப்பாட்டு நேரத்தில் தையல்காரப் பெண் என்னிடம் வந்தார். "அவர் இங்கிலீஷ்ல என்ன சொன்ன, மிஸ்?"

சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன்.

"நீங்க முன்னாலதானே இருந்த," என்றார். அவ்வளவுதான். மேடையில் கொடுத்த சான்றிதழைப் பிரியாணிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். புறாக்கூட்டின் நாற்றமும் அந்தக் கைதட்டலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. அந்த வாரமே, மேடையில் அவர் சொன்னதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதி, அந்த மூன்று நிரைகளையும் சேர்த்து வெளிநாட்டாருக்கு அனுப்பினேன். நான் கைதட்டியதையும் எழுதினேன். வெகு நாளைக்குப் பிறகு ஒருவர் வந்து வயரைக் கொழுவினார். இணைப்பாளர் வேறு திட்டத்துக்கு, இதைவிடப் பெரிய பதவியில் போனார் என்று கேள்விப்பட்டேன்.

என்னை அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை. தையல்காரப் பெண்தான் மற்றவர்களை வைத்துக் குறிப்பைத் தொடர்கிறாராம். ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், மிஸ்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "எங்களுக்கு இப்ப தனியா செய்ய ஏலும்."