மாமாவின் சேட்டும் மர உருளையும்

எங்கள் மாமாவுக்குப் பெண் பார்த்தது ஒரு சலவைக் கொட்டிலில். சத்தியமாக. அதுவும் மாமா உடம்பில் சேட் இல்லாமல் நின்றபடி.

எனக்கு அப்போது எட்டு வயது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஓக்லாந்தின் நியூ லின் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய ராச்சியம். அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் தேத்தண்ணியோடு முடிந்துபோயிருந்தன. மூன்றாவதாக வந்த இதுவும் சரிவராவிட்டால் இனி எவர் வீட்டுக்கும் உடுத்திக்கொண்டு வரமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். ஆகவே அம்மா ஊர் முறையைக் கையில் எடுத்தார். ஊரில் என்றால் இரண்டு குடும்பங்களும் கோயிலிலோ பூசையிலோ 'தற்செயலாக' சந்திக்கும். பிடிக்காவிட்டால் சந்திக்கவே இல்லை என்று இருந்துவிடலாம். ஆனால் ஓக்லாந்தில் பூசைக்குப் போனால் அரைவாசித் தமிழ்ச்சனம் அங்கேதான் நிற்கும். தமிழர் ஒருவரும் எட்டிப்பார்க்காத இடமென்று அம்மா யோசித்துப் பிடித்ததுதான் அந்தப் பழைய பண்ணைவீட்டு மியூசியம். பெண் வீட்டார் மாசி என்ற புறநகரிலிருந்து வருவார்கள். மூன்று மணிக்கு, தேநீர்க்கடை வாசலில், தற்செயலாக.

இதில் ஒன்றும் எனக்குச் சொல்லப்படவில்லை. "பழஞ்சாமான் பாக்கப் போறம், வாயை மூடிக்கொண்டு வா," அவ்வளவுதான். நான் வாயை மூடித்தான் இருந்தேன். கையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அம்மாவும் அப்பாவும் மேசை பிடிக்கப் போன நேரம், என் பிளாக்கரன்ட் ஜூஸ் முழுவதும் மாமாவின் புது வெள்ளைச் சேட்டில், நெஞ்சிலிருந்து பெல்ட் வரை.

"அக்கா கொல்லப்போறா," என்றார் மாமா. என்னை அல்ல, அவரை.

தண்ணீர் தேடி வீட்டின் பின்புறம் ஓடினோம். அங்கே சலவைக் கொட்டிலில் ஏப்ரன் கட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் அந்தக்கால முறையில் துணி தோய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். நெளிநெளியான தகடு அடித்த பலகையில் தேய்ப்பு. அது முடிந்தால் பிழியும் இயந்திரம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மர உருளைகள், பக்கத்தில் சுற்றுவதற்கு இரும்புக் கைப்பிடி. ஈரத்துணியை ஒரு பக்கம் கொடுத்துச் சுற்றினால் மறுபக்கம் அப்பளமாக வரும். பட்டன் இருந்தால் உள்ளே மடித்துக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தெறித்துவிடும் என்று அவர் இரண்டு தரம் சொன்னார். நான் வகுப்பில் நல்ல பிள்ளை. கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு முன்னால் ஓர் அக்காவும் கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பினார். மாமா அப்படியே விறைத்துப்போனார். படங்கள் ஏற்கெனவே இரண்டு பக்கமும் கைமாறியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"கறை காயிறதுக்கு முந்தித் தோய்க்கவேணும். கழட்டித் தாங்கோ," என்றார் அக்கா.

"இல்லை, பரவாயில்லை…"

"இந்தக் கோலத்திலயே மூண்டு மணிக்குத் தற்செயலாச் சந்திக்கப் போறீங்கள்?"

மாமா கதவுக்குப் பின்னால் போய், நான் தூக்கித் திரிந்த அப்பாவின் மழை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அக்கா கையை மடித்துவிட்டுப் பலகையில் தேய்தேய் என்று தேய்த்தார். பிறகு சேட்டை உருளைக்குக் கொடுத்தார். பட்டன் எல்லாம் வெளியே!

"பட்டன்ஸ் இன்சைட்!" என்று கத்தினேன். "அவ சொன்னவ!"

"அப்பிடியே? நீ சுத்து பிள்ளை, கெதியாச் சுத்து."

சுற்றினேன். டக், டக், டக். ஒன்று மாமாவின் நெற்றியில் பட்டது. ஒன்று துணி அவிக்கும் செப்பு அண்டாவுக்குள் விழுந்து மணியடித்தது. மற்றவை எங்கே போயினவோ. அம்மா மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய சேட். அக்கா சேட்டைப் பார்க்கவில்லை, மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா சேட்டைத் தூக்கிப் பிடித்தார். "கழுத்துப் பட்டன் மட்டும் தப்பிட்டுது. அதுக்கு மட்டும் ஏன் பாவம் பாக்கவேணும்? இன்னொருக்காச் சுத்து!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஏப்ரன் அம்மாவும் சிரித்தார்.

இரண்டு குடும்பமும் தேடிக்கொண்டு வந்தபோது நாங்கள் மூவரும் முழங்காலில் பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போதும் அம்மா நாடகத்தை விடவில்லை. "அட! நீங்களும் இஞ்சையோ!" என்றார் பெண்ணின் தாயாரிடம்.

தேநீர் மேசையில் மாமா நல்ல வெயிலில் ஜாக்கெட்டைக் கழுத்துவரை சிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தம்பிக்குக் குளிருதோ?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்க, "ஓம் அங்கிள், கொஞ்சம்," என்றார். அக்கா கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நியூ லின் வரும்வரை காரில் எனக்கு அர்ச்சனை. "உன்னாலதான் இதுவும் போச்சு!" நான் அழுதுகொண்டே, அந்த அக்காதான் சொல்வழி கேட்கவில்லை என்று வாதாடினேன். வீட்டு வாசலில் கார் நிற்கும்போதே அம்மாவின் போன் அடித்தது. மாசியிலிருந்து. பெண்ணுக்கு ஓமாம், சம்மதமாம்.

அந்த அக்கா இப்போது என் மாமி. போன வருடம் அவர் குசினியில் நின்று, "நான் மெதுவாச் சுத்தியிருக்கலாம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி," என்றேன்.

மாமி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அந்த மனுசி சொன்னது எனக்கும் கேட்டதுதான். மேசையில இருத்தித் தேத்தண்ணி குடுத்தா எந்த மாப்பிளையடி கோவப்படும்?"

மியூசியம் போய்வந்த அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் நான் எழுதிய பக்கம் இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. இரண்டு உருளைகள், பறக்கும் பட்டன்கள், கீழே என் கோணல் ஆங்கிலத்தில் இப்படி: அங்கே ஓர் அக்கா வந்தார். பாவம், அவருக்குச் சொன்னதைக் கேட்டு நடக்கத் தெரியாது.