தன்னுடையதல்ல என்று வாட்டி பர்டி சொன்ன பந்து

வாட்டி பர்டி கோல்ஃப் பந்தை நக்குவார். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் குனிந்து பந்தை எடுப்பார். சேற்றைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு, மிச்சத்தை நாக்கால் துடைத்து, காற்சட்டையில் தேய்த்து, இருந்த இடத்திலேயே வைப்பார். எங்கள் ஊர்த் திடல் பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமேட்டில் மண் கொட்டிப் புல் வளர்த்தது. மழைக்குக் கறுப்பாகக் கசியும். அதற்கு மேல் களைக்கொல்லி, உரம், வாத்து எச்சம். சிறுவயதில் அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பல்கலைக்கழகம் போய்த் திரும்பிய பிறகும் அப்படித்தான். ஒருமுறை அவரிடமே அருவருப்பாக இருக்கிறது என்று சொன்னேன்.

"நாப்பது வருஷமா இதத்தான் தின்னுக்கிட்டிருக்கேன்மா," என்றார். "உங்கம்மா வைக்கிற சூப்புக்கு இது எவ்வளவோ மேல்."

நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமில்லை. அப்பாவும் அவரும் எங்கள் லானார்க்ஷையர் வட்டாரப் பேருந்துப் பணிமனையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வாட்டி மாமா எஞ்சின் பார்ப்பார், அப்பா வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஜோடியாக ஆடுவார்கள். எல்லோரும் ஒரே கம்பெனிப் பந்தை வைத்திருப்பதால் அவரவர் பந்தில் ஒரு குறி போட்டுக்கொள்வார்கள். அப்பாவுடையது சிவப்புக் கோடு. வாட்டி மாமாவுடையது பந்தில் அச்சடித்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் பச்சைப் புள்ளி. பச்சைப் பேனா எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். பெட்டியிலிருந்து புதுப்பந்து வெளியே வந்த உடனே, பேச்சை நிறுத்தாமலே, கை தானாகப் புள்ளி வைத்துவிடும்.

அவருக்கு ஊரில் இருந்த நல்ல பெயர் அப்படி ஒரு பச்சைப் புள்ளிப் பந்தால் வந்ததுதான். ஒரு வருடம் கிளப் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், உயரப் புல்லுக்குள் அவருடைய பந்து மட்டையில் பட்டு லேசாக அசைந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவரே வெளியே வந்து, பந்து அசைந்தது, எனக்கு அபராதமாக ஒரு அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அந்த ஒரு அடியில் கோப்பை போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரையாவது நேர்மையானவன் என்று சொல்ல வேண்டுமென்றால் வாட்டி மாதிரி என்பார்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தேன்.

மே மாதம் ஒரு நீண்ட வாரக்கடைசிக்கு எங்கள் சேற்றை விட்டுக் கடலோரத் திடலுக்குப் போவது கிளப்பின் வழக்கம். மணல்மேடு, குட்டைப் புல், ஓயாத காற்று. அங்கே பந்தில் சேறு ஒட்டாது. ஆனாலும் வாட்டி மாமா நக்குவார். பல வருடங்களாக ஒரே இடம்தான், மேற்கே கிண்டைர் கரையிலிருக்கும் ஆர்ட்கேரி. திடல் தட்டையாக இருக்கும். தங்குவதற்கு ஒரு வீடு. கடைசி நாள் அப்பாவும் வாட்டி மாமாவும் தனியாக மோதுவார்கள். தோற்றவர் அடுத்த வருடம் அதே வீட்டில், முதல் நாள் காலை, ஜெயித்தவருக்குப் புகைபோட்ட ஹெர்ரிங் மீனும் ரொட்டியும் வாங்கித்தர வேண்டும். வேறு இடத்தில் வாங்கித் தந்தால் கணக்கில் சேராது. பணிமனைக்குப் பக்கத்துக் கடையில் வாங்கித்தந்து தப்பிக்கப் பார்த்திருக்கிறார் மாமா. அப்பா விடவில்லை.

பிறகு அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. இத்தனை வருடப் பெயின்ட் புகை. மேட்டில் பத்தடி நடந்தால் நின்று இரும வேண்டும். ஆர்ட்கேரியில் மின்வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஆட விடுவார்கள், அதனால் அந்தப் பயணம் மட்டும் மிச்சமிருந்தது. ஊர்த் திடலையே அவர் விட்டுவிட்டார். வருடத்துக்கு ஒரு தடவை ஆர்ட்கேரி, அவ்வளவுதான் அவருடைய கோல்ஃப்.

அப்படி இருக்கையில் ஒரு வருடம் நார்மன் ஷாண்ட் கிளப் கேப்டன் ஆனார். கார் விற்பவர். எப்போதும் ஆர்ட்கேரிதானா, வடக்கே பல்னெஸ் போகலாமே என்று ஆரம்பித்தார். பல்னெஸ் பேர்பெற்ற திடல். வழவழ தாளில் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மதுக்கூட மேசையில் போட்டார். அதில் மரம் பதித்த சுவர், தோல் நாற்காலி, சூரியன் மறையும் மணல்மேடுகள். சாஸ் கறை படிந்த விரல்களோடு ஒவ்வொருவராகப் புரட்டினார்கள். அங்கே வண்டி கிடையாது, நடந்துதான் ஆட வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. அதை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

எங்கே போவது என்று வருட விருந்தில் ஓட்டெடுக்க முடிவாயிற்று. அதற்கு முந்தைய வாரம் வாட்டி மாமா எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அம்மா வைத்த கறியையும் உருளைக்கிழங்கையும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். வாயில் கறியோடு அப்பாவிடம், "கவலப்படாத டேவி. நான் இருக்கேன்ல? ஆர்ட்கேரிதான். போன வருஷம் தோத்ததுக்கு உனக்கு மீன் வேற பாக்கி இருக்கு," என்றார். அப்பா பரணிலிருந்து மட்டைப்பையை இறக்கித் துடைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மூச்சு வாங்க வாங்கத் துடைத்தார்.

எங்கள் கிளப்பில் ரகசிய ஓட்டு என்றால் பந்துதான். வருட விருந்தில் ஆளுக்கு ஒரு புதுப்பந்து, குறி இல்லாமல், கொடுப்பார்கள். கோட்டு மாட்டும் அறையில் இடத்துக்கு ஒன்றாக இரண்டு பிஸ்கட் டப்பா இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவராகப் போய், வேண்டிய டப்பாவில் போட்டுவிட்டு வர வேண்டும். பயணம் வராத ஒருவர்தான் எண்ண வேண்டும் என்பதால் அந்த வருடம் என்னைச் சொன்னார்கள். படித்த பெண், எண்ணத் தெரியும் என்று சிரித்தார்கள்.

டப்பாக்களை மேசையில் கவிழ்த்தேன். எண்ணினேன். ஒரே ஒரு பந்து வித்தியாசத்தில் பல்னெஸ். கைதட்டினார்கள். அப்போதுதான் பல்னெஸ் குவியலில் ஒரு பந்து மெதுவாக உருண்டு திரும்பியது. எண்ணுக்கு இரண்டு பக்கமும் பச்சைப் புள்ளி. விருந்து முழுக்கப் பந்து கையில் இருந்திருக்கிறது, பேனா பையில் இருந்திருக்கிறது. பேசிக்கொண்டே வைத்துவிட்டிருக்கிறார். ஈரக் கட்டைவிரலால் தேய்த்த தடம்கூட மையில் தெரிந்தது.

நான் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். அதற்குள் அப்பா பார்த்துவிட்டார்.

"வாட்டி," என்றார். "உன் பந்து இங்க கெடக்கு."

வாட்டி மாமா எட்டிப் பார்த்தார். அந்த ஒரு நொடியில்கூட அவர் ஆமாம் என்பார் என்றுதான் நினைத்தேன். புல்லுக்குள் யாரும் பார்க்காத அடியைச் சொன்னவர் அல்லவா.

"என்னோடது இல்ல," என்றார்.

"பச்சப் புள்ளி இருக்கே."

"பச்சப் பேனா ஊர்ல எவன்கிட்ட இல்ல, டேவி?"

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் அந்தப் புள்ளிகளை வருடக்கணக்கில் புல்லில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள். ஒருவன் கரண்டியால் புட்டிங்கைக் கிளறிக்கொண்டிருந்தான். ஒருவன் பல் குத்தினான். நார்மன் ஷாண்ட் எல்லோருக்கும் விஸ்கி சொன்னார். அறை முழுக்கச் சூடான கஸ்டர்ட் வாடை. இன்றும் கஸ்டர்ட் என்றால் எனக்கு ஆகாது.

அப்பா பந்தை எடுத்தார். "இது யாரோடதுன்னு ஆட்றவன் சொல்லலேன்னா அது தொலஞ்ச பந்து. விதி அதான?" என்று கேட்டுவிட்டு அதைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். விதி அதுதான். ஆனால் ஓட்டுக் கணக்கை யாரும் மாற்றவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் மாமா என் பின்னால் வந்தார். என்னிடம் மட்டும் மறைக்கவில்லை. "ஒரே ஒரு தடவ நல்ல எடத்துல ஆடிட்டுச் சாகறேனே. மூணு நாளும் உங்கப்பன் இருமறதக் கேட்டுக்கிட்டு, அவன் வண்டிக்குப் பின்னாலயே எத்தன வருஷம் போறது?" என்றார். வாயில் விஸ்கி வாடை. அந்த ஆசை எனக்குப் புரியாதது அல்ல. மரம் பதித்த சுவருள்ள கட்டடங்களின் வாசலில், உள்ளே போகலாமா என்று தெரியாமல் நானும் நின்றிருக்கிறேன். ஆசையை எங்கள் சமையலறையில் சொல்லியிருந்தால் அப்பாவே அவர் பையைத் தூக்கி வண்டியில் ஏற்றியிருப்பார். அதை விட்டுவிட்டு இரண்டாம் தடவை கறி போட்டுக்கொண்டார். எனக்கு இன்னும் செரிக்காதது அதுதான். புல்லுக்குள் ஒரு அடியை ஒப்புக்கொள்வது அவ்வளவு சுலபமா, இல்லை, ஒப்புக்கொண்டால் பேர் கிடைக்கும் இடத்தில்தான் அவர் நேர்மையா?

பல்னெஸ் போனார்கள். அப்பா போகவில்லை. திரும்பி வந்த வாட்டி மாமா, பல்னெஸ் முத்திரை போட்ட தொப்பி ஒன்றை எங்கள் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார், மணி அடிக்காமல். அம்மா அதை அடுப்புச் சாம்பல் அள்ள வைத்துக்கொண்டாள். அடுத்தடுத்த வருடங்களிலும் பல்னெஸ்தான். மட்டைப்பை மறுபடி பரணுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா ஊர்த் திடலில் வேறு ஆளோடு ஆடிக்கொண்டே இருந்தார். பந்தை நக்குவதை மட்டும் விடவில்லை.

நெஞ்சுவலியில் முதலில் போனது வாட்டி மாமாதான். இருமிக்கொண்டிருந்த அப்பா இன்னும் இருந்தார். சவ அடக்க ஆராதனையில் நார்மன் ஷாண்ட் எழுந்து, யாரும் பார்க்காத அந்த ஒரு அடியின் கதையைச் சொன்னார். அன்று விருந்தில் புட்டிங்கைக் கிளறியவன் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினான். நான் எழுந்து வெளியே போய், கல்லறைச் சுவரோரம் துப்பிவிட்டு வந்தேன்.

பிறகு அவர் வீட்டில் தேநீரும் சாண்ட்விச்சும். வாட்டி மாமாவின் மனைவி நெட்டா அத்தை ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய்ப் பேசினார். அப்பாவிடம் வந்ததும், "யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காத மனுஷன் டேவி, எங்க ஆளு," என்றார்.

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இருமல் அடங்கும் வரை காத்திருந்தார்.

"ஒரு காலைச் சாப்பாடு பாக்கி, நெட்டா. மீனும் ரொட்டியும்."

அத்தை சிரித்துவிட்டார். "அவ்வளவுதானா? உள்ள மீன் இருக்கு. இப்பவே பொரிச்சுத் தரேன்."

"இங்க தந்தா கணக்குல சேராது," என்றார் அப்பா.