மாடி அறையில் முற்போக்கு ராக்

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்றொரு நம்பிக்கை நாடெங்கும் நிலவுகிறது. மிகுந்த வருத்தத்துடன், ஆனால் உறுதியாகச் சொல்கிறேன்: போகும். முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். மற்றபடி அது முட்டையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. பாட்டுக் குழுக்களுக்குப் பயிற்சி அறை வாடகைக்கு விடும் என் போன்றவர்கள், நான்கு சுவரிலும் ஒட்டி முடித்த பிறகுதான் இந்த உண்மையைத் தெரிந்துகொள்கிறோம். இதே தொழிலில் அகப்பட்டுக்கொண்ட அன்பர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம்.

குக்கர் விசில்

என் அறை கே.கே. நகரில், என் வீட்டு மாடியில் இருக்கிறது. சினிமாப் பாட்டுக் கச்சேரிக் குழுக்கள் வந்தால் பக்கத்து வீட்டு அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அவரும் அடுப்படியில் கூடவே பாடுவார். முத்துப்பாண்டியின் குழு வந்தால்தான் தகராறு.

முத்துப்பாண்டி திருமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார், என்னிடம் வந்தால் டிரம்ஸ். அவன் குழு வாசிப்பது புராக்ரஸிவ் ராக். எல்லாரும் நாலு நாலாக எண்ணும் இடத்தில் இவர்கள் ஏழு ஏழாக எண்ணுவார்கள். நம் ஊர்க் கணக்கில் மிஸ்ர சாபு, தகிட தகதிமி. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா மாடிப்படி ஏறி வந்தார். சத்தம் அதிகமா என்று கேட்டேன். "சத்தம் கெடக்கு சார். அந்தத் தம்பி அடிக்கிறத எண்ணப்போயி குக்கர் விசில விட்டுட்டேன். பருப்பு களியாப் போச்சு."

டியூனிங்

குழுவின் மூளை கீபோர்ட் வாசிக்கும் கயல்விழி. ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவள். கிதார் வாசிக்கும் இரண்டு அண்ணன் தம்பிகளும் உண்டு. அவர்கள் பேசவே மாட்டார்கள் என்பதால் அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்று வருடமாக இவர்கள் ஒரே ஒரு இசை உருப்படியைச் செய்துகொண்டிருந்தார்கள். வார்த்தை கிடையாது. ஆரம்பித்தால் முடிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். வெளியாள் ஒருவர்கூட அதை முழுதாகக் கேட்டதில்லை. இப்போது கயல்விழிக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. போவதற்குள் ஒரு தடவையாவது மனிதர்கள் முன்னால் முதலிலிருந்து கடைசி வரை வாசித்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த உருப்படி என் முட்டை அட்டைகளுக்கு மட்டுமே தெரிந்ததாக முடிந்துபோகும்.

ஒருநாள் இவர்களுக்கு அடுத்த நேரம் ஒரு கல்யாணக் கச்சேரிப் பாடகருடையது. அவர் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து ரொம்பப் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் என் காதருகே குனிந்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அண்ணே, இவிங்க இன்னும் டியூன் பண்ணிக்கிட்டுதான் இருக்காய்ங்களா, இல்ல பாட்டே அதானா?"

வெண்பா

இந்த இடத்தில் என் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். புராக்ரஸிவ் ராக் என்பது ஓர் இயக்கம், அது முடிந்துவிட்டது என்பது என் கட்சி. அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்கள், மூன்று நிமிடப் பாட்டு போதாது, ராக் இசையும் மேல்நாட்டுச் செவ்வியல் இசை மாதிரி விரிந்து போகலாம் என்று கிளம்பினார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி வந்தது. பத்து வருடத்துக்குள் மோகம் தணிந்தது. பெயரிலேயே முன்னேற்றத்தை வைத்திருக்கும் இசையை, அன்றைக்கு வாசித்த மாதிரியே இன்றைக்கும் வாசித்தால் அது முன்னேற்றமா, சிரார்த்தமா? இதை ஒரு மாலை டீ குடிக்கும்போது குழுவிடம் விளக்கினேன்.

"அது இயக்கம்னா முடிஞ்சிருக்கலாம் சார். வகைன்னா எப்படி முடியும்? வெண்பா எப்ப வந்தது? இன்னைக்கும் எழுதுறாங்கள்ல?" என்றான் முத்துப்பாண்டி. எழுதுகிறார்கள், நானே எழுதியிருக்கிறேன், யாரும் படித்ததில்லை என்றேன். அது என் கட்சிக்கு ஆதாரமா, அவன் கட்சிக்கு ஆதாரமா என்று நாங்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது கயல்விழி டம்ளரைக் கீழே வைத்தாள். "செத்துப்போச்சா இல்லையான்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணி வைங்க சார். நான் போய் அந்த நடுப்பகுதிய வாசிச்சுப் பார்க்குறேன்."

முதல் பந்தி

மேடை தேடி அலைந்தார்கள். கல்லூரி விழாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தர முடியாது என்றார்கள். ஓட்டல்காரர் மெல்லிசைதான் வேண்டும் என்றார். கடைசியில், வெளிப்பெஞ்சில் காத்திருந்த அந்தப் பாடகர் மூலமாகவே பரவையில் ஒரு கல்யாண வரவேற்பு வந்தது. சினிமாப் பாட்டுதான் வாசிக்க வேண்டும், ஆனால் நடுவில் பாடகர் சாப்பிடப் போகும்போது எதை வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் நம் உருப்படியை நுழைத்துவிடுவது என்று திட்டம். ஸ்பீக்கரை ஏற்றிச் சென்ற வேனில் நானும் போயிருந்தேன்.

நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. மண்டபத்துக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கூடம். சாப்பிட்டு முடித்தும் இலை முன்னால் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக எழுந்து கை கழுவப் போனார்கள். பாடகர் பீடாவைக்கூட வாயில் போடாமல் மேடைக்கு ஓடி வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். உருப்படி அத்தோடு நின்றது. அப்போது பந்தி பார்த்துக்கொண்டிருந்தவர் தோளில் துண்டோடு வந்து முத்துப்பாண்டியின் கையைப் பிடித்தார். "மாப்ள, ரெண்டாம் பந்தி முடியவும் அதையே இன்னொருக்கா அடிங்க. இம்புட்டு சீக்கிரமா எந்தக் கல்யாணத்துலயும் எல காலியானதில்ல."

தோழர்

அந்தந்த வாரம் எந்தக் குழுவுக்கு எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவது எங்கள் தொழில் வழக்கம். அந்தத் தாளில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதக் கூடாது என்பது என் சொந்த வழக்கம். ஆகவே முத்துப்பாண்டி பெயருக்கு எதிரே 'முற்போக்கு ராக்' என்று எழுதியிருந்தேன். ராக்கைப் 'பாறை' ஆக்கவும் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

தமிழில் முற்போக்கு என்றால் அது தாள சமாச்சாரம் அல்ல என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். மகளை வயலின் வகுப்பு விசாரிக்க அழைத்து வந்த ஒருவர் அந்தத் தாளை நின்று நிதானமாகப் படித்தார். திருமங்கலத்தில் மாதாமாதம் கூடும் ஒரு முற்போக்கு இலக்கிய வட்டத்தின் செயலாளர். பெயர் சுந்தரம். இவ்வளவு நாளாக நம்மவர்கள் கே.கே. நகரில் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று என் கையைக் குலுக்கினார். அடுத்த கூட்டத்தில் குழு வாசிக்க வேண்டும் என்றார். அடுத்தவர் தவற்றைத் திருத்தாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் கயல்விழி புறப்பட இரண்டு வாரம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மனசாட்சிக்காக ஒன்றை மட்டும் சொன்னேன்: இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும், அதில் ஒரு வார்த்தைகூட இருக்காது. அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அதனாலென்ன தோழர்? வார்த்தையெல்லாம் நாங்க பேசிக்கிறோம்."

விமர்சனம்

கூட்டம் ஒரு டியூஷன் சென்டரின் மேல்தளத்தில் நடந்தது. நாற்பது பேர் இருக்கலாம். அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: கதையோ கவிதையோ, எதை வைத்தாலும் முடியும்வரை யாரும் எழக் கூடாது, முடிந்ததும் எல்லாரும் விமர்சனம் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு எங்களுக்கு முன்பு தெரியாது. இந்த வகை ஐம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் பிறந்தது என்று ஒரு வரி சொல்லிவிட்டு முத்துப்பாண்டி குச்சியைத் தட்டினான். கயல்விழி கட்டைகளில் கை வைத்தாள். முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்கள். ஒருவரும் எழவில்லை. ஒருவர் இருமினார், அதையும் கர்சீப்புக்குள் இருமினார்.

பிறகு விமர்சனம். ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர் எழுந்தார். "இந்த வகை அம்பது வருசத்துக்கு முந்தி வெள்ளக்காரன் வாசிச்சதுன்னு சொல்றீக. முடிஞ்சுபோனத இப்ப எதுக்குத் தூக்கிட்டு வரணும்?" என் கேள்வி! விடையோடு நான் பாதி எழுந்திருக்கும்போதே சுந்தரம் தலைமை நாற்காலியிலிருந்தே பேசினார்: "இதே கேள்வியத்தான் தோழர், நம்ம வட்டத்தப் பத்தி எம் மகன் கேக்குறான்." கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடி பேசியது மில்காரர்தான். "சரி, முடிஞ்சுச்சா இல்லையாங்கிறத விடுங்க. நடுவுல ரொம்ப இழுவையாக் கெடக்கும்மா. பாதியா வெட்டிப்புடுங்க" என்றார். கயல்விழி சுர்ரென்று எழுந்தாள். வெட்டினால் கடைசிப் பகுதி நிற்காது என்றாள். நிற்கும் என்றார் அவர். வாசித்தே காட்டினாள். அப்பவும் இழுவைதான் என்றார். மற்றவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கப் போவதாகச் சொல்லும்வரை இது நடந்தது. திரும்பி வரும்போது வேனில் அவள் கோபமாக இருப்பாள் என்று நினைத்து, அவர்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். "எங்க வெட்டணும்னு சொல்ற அளவுக்குக் கேட்டிருக்காரு சார்."

அது இயக்கமா, வகையா என்று நானும் முத்துப்பாண்டியும் தீர்ப்பு சொல்வதற்குள் கயல்விழி விமானம் ஏறிவிட்டாள். மஸ்கட்டிலிருந்து அவள் அனுப்பியிருக்கும் புது நடுப்பகுதி பழையதில் பாதிதான் இருக்கிறது.