ஆடாத பாம்பு

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்த வருடம் அவரைச் சந்தித்தேன். ஆய்வகத்தில் பல வருடமாக உதவியாளர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. உயிரினங்களைப் பதப்படுத்தி வைத்த ஜாடிகளைத் துடைக்கும்போது அவற்றில் ஒட்டியிருக்கும் பெயர்களை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிப்பார்.

ஒருநாள் இருவரும் பழைய பெயர்களை எடுத்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். நல்லபாம்பு இருந்த ஜாடியில் 'நாஜா டிரிபூடியன்ஸ்' என்றிருந்தது.

"இதுக்கு என்னங்க சார் அர்த்தம்?" என்று கேட்டார்.

"டிரிபூடியன்ஸ்னா லத்தீன்ல ஆடுறதுன்னு அர்த்தம். படமெடுத்து ஆடுதுன்னு வெள்ளைக்காரங்க வச்ச பேரு. இப்ப யாரும் சொல்றதில்ல. 'நாஜா நாஜா'ன்னு மாத்திட்டாங்க. நாஜான்னா நம்ம நாகம்தான்."

அவர் ஜாடியைக் கீழே வைத்தார்.

"என் சம்சாரத்தக் கடிச்சது ஆடலைங்க சார். படமும் எடுக்கல. மக்காச்சோளக் கொல்லையில ஒடிச்சுப்போட்ட கதிரப் பொறுக்கக் குனிஞ்சா. கடிச்சிட்டு அப்புடியே கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே அவளுக்குக் கண்ணத் தொறக்க முடியல. ஏதோ சொல்ல வந்தா. நாக்கு கொழறிப்போச்சு. என்னான்னு எனக்குப் புரியவே இல்லைங்க."

மீதியை நானே ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. பழைய சீட்டைத் தண்ணீர் தொட்டு ஊறவைத்து, நகத்தால் சுரண்டி எடுத்தார். புதியதை ஒட்டிச் சுருக்கம் விழாமல் நீவிவிட்டார்.

"இது போதுங்க சார். நாகம்ங்கிற பேரு மட்டும் இருக்கட்டும்" என்றார்.

அத்தனை வருடம் அந்த அறையில் அவரால் எப்படி வேலை பார்க்க முடிந்தது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.