என் ரிசல்ட்டை எனக்கு முன்னால் பார்த்தவர்கள்

பல்கலைக்கழகம் மாணவர்களின் ரிசல்ட்டை ஊரே பார்க்கும்படி போடலாமா என்று நான் தற்காலிகமாகப் பாடம் நடத்துகிற காலேஜ் ஸ்டாஃப் ரூமில் பேச்சு வரும்போதெல்லாம் நான் கூடாது என்பேன். காரணம் கேட்டால் எனக்குச் சட்டம் பேச வராது. நான் எம்.எஸ்ஸி. கணிதத்தில் ஒரு பேப்பர் பெயிலானேன். அதை என் அப்பாவிடம் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல விடவில்லை. அவ்வளவுதான் என் காரணம்.

எங்கள் வீடு ஒத்தக்கடையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. அப்பாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அப்பா கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் மிஷின் ஓட்டினார். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் ரோட்டு முனையில் இறக்கிவிடும். எங்கள் வகையறாவில் காலேஜுக்குப் போன முதல் பெண் நான்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. பரீட்சை முடிந்ததும் ரிஜிஸ்டர் நம்பரை நாலு பேரிடம் கொடுத்து வைப்பார்கள். ரிசல்ட் வருகிற நேரத்தில் வெப்சைட் திறக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் திருப்பூர் மாமாவிடம் கொடுத்து வைப்பது, ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பது, கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் கொடுத்து வைப்பது. யாருக்கு முதலில் திறக்கிறதோ அவர் போன் போடுவார். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்வதுபோல அப்பா என் நம்பரைச் சொல்லிக்கொண்டு திரிவார். அவருடைய போன் நம்பரைக் கேட்டால் போனை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார். என் ரிஜிஸ்டர் நம்பர் மட்டும் மனப்பாடம்.

பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பழக்கம் எங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, "அண்ணே, உன் மக பின்னிருச்சுண்ணே!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பஸ் ஸ்டாப்பில் எனக்கு பிளெக்ஸ் வைத்தார்கள். ஏதோ கல்யாணத்தில் எடுத்த போட்டோவை வெட்டி, முகத்தை வெள்ளையாக்கி, பின்னால் ஒரு சிங்கத்தை நிற்க வைத்திருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பா வேனை விட்டு இறங்கி தினமும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எங்கள் ஆட்களின் பெயர் அதற்கு முன்பு எந்தப் பலகையிலும் வந்ததில்லை. இதை நான் மறக்கவில்லை. ரிசல்ட்டை மூட வேண்டும் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன்.

எம்.எஸ்ஸி. மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் ஒரு வேலை நாளில் வந்தது. பல்கலைக்கழக வெப்சைட்டில் ரிஜிஸ்டர் நம்பரைத் தட்டினால் போதும். பிறந்த தேதி கூடக் கேட்காது. காலேஜ் மாடிப்படியில் நின்றுகொண்டு மதியம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் திறந்தது. டோபாலஜியில் பெயில். அழுகை வரவில்லை. அந்தப் பேப்பர் எனக்குப் புரியவே இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். எப்படி அப்பாவிடம் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

மாட்டுத்தாவணியில் பஸ் மாறும்போது முடிவு செய்தேன். வீட்டில் வைத்துச் சொன்னால் அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள். வேனை விட்டு இறங்குகிற இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். "ஒரு பேப்பர் போயிருச்சுப்பா. எனக்குப் புரியல. அடுத்த தடவ எழுதிருவேன்." இதைப் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பா திட்டுகிறவர் இல்லை. "ஏன் புரியல?" என்று கேட்பார். அவருக்கு டோபாலஜி தெரியாது, ஆனாலும் கேட்பார். நான் ஏதாவது சொல்வேன், தலையை ஆட்டிக்கொண்டே நடப்பார். ரோட்டு முனையிலிருந்து வீடு வரைக்கும் அப்படிப் பேசிக்கொண்டே நடப்பது எங்கள் வழக்கம்.

வேன் வந்தது. அப்பா இறங்கினார். "அப்பா" என்றேன்.

"தெரியும் தாயி. வா" என்றார்.

வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அப்பாவோடு வேலை பார்க்கிறவர் ஒருவர், நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கு வந்தார். அப்பா இல்லாத நேரம் பார்த்து வந்தார் என்று நினைக்கிறேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் வேணும்னு செய்யலத்தா. என் மகன்தான் பாத்துக்கிட்டு இருந்தான். மத்தியானம் சாப்பிட உக்காந்தோம், போன் வந்துச்சு. நல்ல சேதி எல்லாரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன். அவனும் ஒவ்வொண்ணா வாசிக்கிறான். பாஸு, பாஸு, பாஸுன்னு கைதட்டிக்கிட்டு இருக்கோம். அப்புறம் பெயிலுங்கிறான்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"நீ பாஸாயிருவேன்னு அண்ணன் காலையிலயே மைசூர்பாகு வாங்கி வச்சிருந்துச்சு. அது டிபன் பைக்குள்ள இருந்தது நம்ம பயலுகளுக்கும் தெரியும்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒருத்தன் சொன்னான், 'வாங்குனது வாங்கிட்ட, எடுண்ணே. பெயிலுக்கும் பல்லு இனிக்கத்தான செய்யும்'னு. எல்லாரும் சிரிச்சாய்ங்க. அண்ணனும் சிரிச்சுக்கிட்டே எடுத்து எல்லாருக்கும் குடுத்துச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவர் நல்ல சேதியைத்தான் எதிர்பார்த்திருந்தார். கேலி செய்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கேட்டதும் கிடைக்கும்படி அதைத் திறந்து வைத்தவர்கள் மேல்தான் என் கோபம். இன்றைக்கும் அப்படித்தான். என் பெயில் என் சொத்து. அதை எப்போது, எந்த இடத்தில், எந்த வார்த்தையில் சொல்வது என்பது என் உரிமை. ஒரு பெரிய நிறுவனம் அதை எடுத்து மைசூர்பாகோடு சேர்த்துச் சாப்பாட்டு நேரத்தில் பரிமாறிவிட்டது.

அடுத்த தடவை எழுதிப் பாஸானேன். அதையாவது நான் சொல்ல முடிந்ததா? அப்பா அந்த முறை யாரிடமும் நம்பர் கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்த நம்பரைத் திருப்பி வாங்க முடியுமா? ஜெராக்ஸ் கடைக்காரரின் போனில் அது அப்படியே இருந்தது. நான் காலேஜிலிருந்து வருவதற்குள் அவர் அப்பாவைத் தெருவில் மறித்து, "அண்ணே, கெடந்த அரியரு போயிருச்சு, இனிம நிமுந்து நட" என்று சொல்லிவிட்டார். நான் போய்ச் சொன்னபோது அப்பா, "சந்தோசம் தாயி. சாப்புட்டியா?" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அந்த மதியத்துக்குப் பிறகு அப்பா என்னிடம் பரீட்சையைப் பற்றி எதையும் கேட்டதில்லை. கோபம் என்று நான் ரொம்ப நாள் நினைத்தேன். இல்லை. தான் நம்பரைக் கொடுத்ததால்தான் என் மானம் போனது என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். அதனால் தெருக்காரர்கள் மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் போட வேண்டிய பூட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். "அப்படியெல்லாம் இல்லப்பா" என்று நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "சரி தாயி" என்பார். ஆனால் பரீட்சையைப் பற்றிக் கேட்க மாட்டார்.

எங்கள் துறையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷர். "மேடம், மூடி வச்சா உள்ள மார்க்கு திருத்துவாய்ங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் பயம் இருக்கும்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

"அப்ப காலேஜோட மொத்தக் கணக்கப் போடுங்க சார். எத்தன பேரு எழுதுனாங்க, எத்தன பேரு பாஸு, அதப் போடுங்க. வாத்தியாருக மானம் போகட்டும். பிள்ளைக நம்பரு எதுக்கு?"

"அம்புட்டுக் கோவம் எதுக்கு மேடம்? ஒரு பேச்சுக்குத்தான சொன்னேன்."

"நானும் ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே கிளாஸுக்குப் போய்விடுவார். அவர் வீட்டில் எல்லோரும் எப்போதும் பாஸானவர்கள்.

போன வருஷம் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு எழுதினேன். அந்தத் தேர்வின் ரிசல்ட்டை, நம்பரோடு பாஸ்வேர்டும் போட்டால்தான் பார்க்க முடியும். வேறு யாரும் பார்க்க முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது. ரிசல்ட் வந்த அன்று லீவு போட்டுவிட்டு அப்பா இருக்கிற வீட்டுக்கே போனேன். இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணில் படும்படி போனை எடுத்தேன்.

"ரிசல்ட்டுப்பா" என்றேன்.

கூட உட்கார்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் டிவியை அணைத்தார். எழுந்து சட்டையை மாட்டினார்.

"நீ பாரு தாயி. நான் வெளிய நிக்கிறேன்."

"இருங்கப்பா. சேந்து பாப்போம்."

"இல்ல இல்ல. அது உன் விசயம். நீ நிம்மதியாப் பாரு."

போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். தெருவில் போன யாரோ நின்று பேச்சுக் கொடுத்தார்கள். அப்பா தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டார்.

பாஸ்வேர்டைப் போட்டேன். ஒரே தடவையில் திறந்தது. கொஞ்ச மார்க்கில் போயிருந்தது.

இந்த முறை அப்பாவுக்கு முன்னால் அது உலகத்தில் யாருக்கும் தெரியாது. நான் கேட்டது இதைத்தான். கதவைத் திறந்து, "போச்சுப்பா" என்றேன்.

திரும்பினார். ஏன் போச்சு என்று கேட்பாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி தாயி" என்றார்.