குங்குமம் உள்ளே இருந்த கல்

போன வாரம் ஆயர் ஈத்தாம் சந்தையில் ஓர் இளைஞர் ஊதாக் கற்களைப் பரப்பி வைத்திருந்தார். "பவர் ஸ்டோன்லா அக்கா. இந்த மாதிரி நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் வந்து சொல்கிறார் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முட்டை அட்டையின் குழிகளில் கற்களை அடுக்கி வகுப்பு வகுப்பாகத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். ஊதாப் படிகம், தங்கம்போல் ஏமாற்றும் மஞ்சள் கல், ஈப்போவிலிருந்து வந்த கறுத்த ஈயக்கல். பிள்ளைகளைவிட ஒரு பக்கம் முன்னால் படித்திருந்தேன், அவ்வளவுதான் என் மேதாவித்தனம். ஆளுக்கொரு கல் கொடுக்க வழியில்லை. அதனால் கண் திருஷ்டிக்கு வாசலில் கட்டுவோமே, அந்தப் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நூலில் படிகம் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தேன்.

தேன்மொழி வளர்த்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. கடல் தாண்டி பட்டர்வொர்த்தில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கு அதுதான் என்று முடிவாயிற்று. வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று கொண்டுபோனாள். அன்று வெள்ளிக்கிழமை. தொழிற்சாலையிலிருந்து வந்த அவள் அம்மா அதை ஸ்படிகம் என்று நினைத்து, சாமி மேடையில் வைத்து, குங்குமமிட்டு, சொம்பு சொம்பாக அபிஷேகம் செய்துவிட்டார். மிஞ்சியது குங்குமம் ஒட்டிய கடலை அளவுத் துண்டுதான்.

திங்களன்று இருவரும் வந்து நின்றார்கள். மகளுக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மா கையில் ஒரு மூடிய பாத்திரம்.

"அபிஷேகத் தண்ணிய கால் படற எடத்துல ஊத்தக்கூடாதுன்னு எடுத்து வச்சிருந்தேன் டீச்சர். ஏதாச்சும் பண்ண முடியுமா?"

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கரைந்த கல் முழுவதும் அதில்தானே இருந்தது. தண்ணீரை வற்றவிட்டு, மிஞ்சிய துண்டையே நூலில் கட்டித் தொங்கவிட்டோம். மறுபடி வளர்ந்தது. நடுவில் மட்டும் ஒரு சிவப்புக் கீற்று.

கண்காட்சியில் நடுவர் அதைக் காட்டி, உள்ளே என்ன அழுக்கு என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் தேன்மொழி முந்திக்கொண்டாள்.

"அழுக்கு இல்ல சார். எங்கம்மா வச்ச குங்குமம்." பிறகு கல் கரைந்த கதையையும் வளர்ந்த கதையையும் ஒன்றுவிடாமல் விளக்கினாள். மூன்றாம் பரிசு. பின்னால் நின்ற அவள் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பெருமை இன்றைக்கும் அடங்கவில்லை.

பள்ளி இடம் மாறியபோது அந்தக் கல் இருந்த அலமாரி எங்கே போனதென்று தெரியவில்லை. முட்டை அட்டையும் போயிற்று. கண்காட்சிக்கு நாங்கள் ஏறிப்போன அந்தப் பழைய பெரிய ஃபெரிப் படகுகூட இப்போது ஓடுவதில்லை.

சந்தையில் அந்த ஊதாக் கற்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே குங்குமம் இருப்பது ஏதாவது உண்டா என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். கல்லுக்குள் அதெல்லாம் எப்படி வரும் என்று சிரித்தார்.

"வந்துச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.